அக்கா வீட்டுக்குப் போன பிள்ளைகள்: டெக்சாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே ஒரு கஸ்டடி வழக்கு

இதில் வரும் கணவனும் மனைவியும் தங்களுக்கு நடந்ததை எழுதச் சம்மதித்தவர்கள். பெயர், ஊர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தேதிகளைச் சில நாள் முன்பின்னாக நகர்த்தியிருக்கிறேன், ஆனால் நாள் கணக்கு மாறவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. டல்லாஸ் வட்டாரத்தில் குடும்பச் சிக்கலில் தவிக்கும் தமிழர்களுக்குக் கூடமாட இருக்கும் ஒரு சின்னக் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். லாயரைத் தேடித் தருவோம், கோர்ட்டுக்குக் கூடப் போவோம், படிவத்தைப் புரியவைப்போம். சட்டம் பற்றி இங்கே எழுதியிருப்பது இந்த வழக்கில் இரண்டு தரப்பு லாயர்களும் விளக்கக் கேட்டுப் புரிந்துகொண்டது.

இந்த வழக்கில் நானும் ஒரு தவறு செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடும்பப் பின்னணி

கணவர் மென்பொருள் வேலையில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். மனைவி எச்-4, அதாவது எச்-1பி-யில் இருப்பவரின் துணைக்கு அவரைச் சார்ந்தே கிடைக்கும் விசா. கணவரின் ஐ-140-ஐ வைத்து வேலை அனுமதி வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டே கேரில் பகுதி நேரமாக வேலை பார்த்தார். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஐந்து. இரண்டு பேரும் டெக்சாஸில் பிறந்தவர்கள், அமெரிக்கக் குடிமக்கள். பெண் பிறந்ததிலிருந்து ஒரே ஊர், ஒரே பள்ளி வட்டாரம். பையனுக்கு ஆகஸ்டில் கிண்டர்கார்டன் தொடங்க வேண்டும்.

வீட்டுச் சண்டை பல வீடுகளில் கேட்பதுதான். ஊருக்கு அனுப்பும் பணம், மாமியார் வந்து ஆறு மாதம் தங்கும்போது எழும் உரசல், யார் யாரை மதிக்கவில்லை என்ற கணக்கு. இதற்கு மேல் இரண்டு விஷயம் இருந்தது, அவற்றை நான் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குப் பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு இரவு, பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது, கணவர் மனைவியின் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறார். அடுத்த சில மாதங்களில் சண்டை வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: "விசா என்னோடது. டிக்கெட் போட்டு உன்னை மட்டும் ஊருக்கு அனுப்பிடுவேன்."

அந்த வாக்கியம் ஒரு எச்-4 மனைவியின் காதில் எப்படி விழும் என்பது சொன்னவருக்குத் தெரியவில்லை. விவாகரத்து முடிந்தால் எச்-4 நிலையும் முடியும். பிள்ளைகளுக்கு நீலப் பாஸ்போர்ட், தனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் வராத இரவுகளில் அவர் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூன் 14 முதல் ஜூலை முதல் வாரம் வரை

பள்ளி விடுமுறை விட்டதும் மனைவி இரண்டு பிள்ளைகளோடு நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். இரண்டு வாரம் என்று பேச்சு. கணவரே ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டார், திரும்பி வரும் டிக்கெட்டும் போட்டிருந்தது. திரும்ப வேண்டிய நாளில் அவர்கள் விமானம் ஏறவில்லை. மாலையில் ஒரு செய்தி வந்தது: நாங்கள் இனி அங்கே வரவில்லை, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்க்கப் போகிறேன்.

கணவர் அன்று இரவே உள்ளூர் போலீஸுக்குப் போனார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, கஸ்டடி, அதாவது பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பது என்பது பற்றி ஏதாவது கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்பது. இல்லை என்றார். அப்படியானால் இது சிவில் விஷயம், தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைகள் மேல் சம உரிமை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நியூ ஜெர்சி ஊர் போலீஸ் மட்டும் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளைகள் நலமாக இருப்பதைப் பார்த்துச் சொன்னது.

ஒரு நண்பர் வழியாக அவர் என்னிடம் வந்தது அதற்கு மறுநாள். கையில் நியூ ஜெர்சியின் நியூவர்க்குக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தார். "அண்ணா, நான் போய் பிள்ளைங்களை வண்டியில ஏத்திட்டு வந்துடறேன். அவ செஞ்சதைத்தானே நானும் செய்யறேன்?" என்றார். உத்தரவு எதுவும் இல்லாததால் அவருக்கும் அதே உரிமை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அக்கா வீட்டு வாசலில் ஐந்து வயதுப் பையனை இரண்டு பக்கமும் இழுக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே கைகலப்பு நடந்தால் அவர் மேல் பாதுகாப்பு உத்தரவு வரும், பிறகு பிள்ளைகளைப் பார்ப்பதே கஷ்டமாகிவிடும். டிக்கெட்டை ரத்து செய்தார். இந்த வழக்கு முழுவதிலும் அவர் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதே வாரம் அவர் எடுத்த மிக மோசமான முடிவு எனக்குத் தெரியாமல் நடந்தது. கோபத்தில் மனைவியின் கிரெடிட் கார்டை நிறுத்திவிட்டார். பையனுக்குக் காய்ச்சல் வந்த அன்று மருந்துக் கடையில் அட்டை ஓடவில்லை. அக்கா பணம் கட்டினார். அந்த ரசீது பின்னால் கோர்ட்டுக்கு வந்தது.

காத்திருந்த வாரங்கள்

என் தவறு இங்கேதான். ஊரில் இருக்கும் பெரியவர்கள் பேசிச் சரிசெய்கிறோம், கோர்ட்டு வேண்டாம் என்றார்கள். நானும், "கொஞ்சம் பொறுங்க தம்பி, பேசிப் பார்ப்போம்" என்றேன். வாட்ஸ்அப்பில் இரு வீட்டாரும் சேர்ந்து கான்ஃபரன்ஸ் கால். இந்திய நேரத்துக்கு ஒத்துவர வேண்டும் என்று ஞாயிறு காலையில் மட்டும் நடக்கும். முதல் ஞாயிறு குறைகளைச் சொல்வதில் போனது. இரண்டாம் ஞாயிறு பையனின் தாத்தா கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். மூன்றாம் ஞாயிறு பெண் வீட்டார் சேரவே இல்லை. பிறகும் யாராவது ஒருவர் "அடுத்த வாரம் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வாரங்களில் மனைவியிடம் தனியாகப் பேசியவர் ஒருவரும் இல்லை. ஏன் போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பழைய பள்ளியிலிருந்து கணவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மகளின் கோப்புகளை நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி கேட்டிருக்கிறது, அனுப்புகிறோம் என்று. மகளை அங்கே சேர்த்தாகிவிட்டது என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. அன்று மாலை லாயரைப் பார்த்தோம்.

லாயர் கேட்ட முதல் கேள்வி

யார் மேல் தப்பு என்று லாயர் கேட்கவில்லை. பிள்ளைகள் டெக்சாஸில் கடைசியாகத் தூங்கிய இரவு எது என்று கேட்டார். ஜூன் 13 என்றதும் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக் கஸ்டடி வழக்கு இன்னொரு மாநிலத்தோடு மோதாமல் இருக்க 1997-ல் ஒரு பொதுச் சட்ட வரைவு வந்தது. யூசிசிஜேஈஏ என்று முதலெழுத்துகளால் சொல்கிறார்கள். டெக்சாஸும் நியூ ஜெர்சியும் அதை ஏற்றவை. அதற்கு முன்பே, 1980-ல், பெற்றோரே பிள்ளையைக் கடத்துவதைத் தடுக்க ஒரு மத்தியச் சட்டமும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பிள்ளையின் "சொந்த மாநிலம்" எதுவோ அந்த மாநிலக் கோர்ட்டுதான் கஸ்டடியைத் தீர்மானிக்கும். வழக்குப் போடும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து ஆறு மாதம் பிள்ளை பெற்றவரோடு எங்கே வாழ்ந்ததோ அதுதான் சொந்த மாநிலம்.

பிள்ளை ஊரைவிட்டுப் போய்விட்டாலும் அந்த உரிமை உடனே போய்விடாது. பெற்றோரில் ஒருவர் பழைய மாநிலத்திலேயே தொடர்ந்து இருந்தால், போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே வழக்குப் போடலாம். எங்கள் கணக்கில் அது டிசம்பர் நடுப்பகுதி. முதல் இரண்டு வாரம் வெறும் விடுமுறைதானே, அதைக் கழித்துவிட்டு எண்ணலாமே என்று நான் கேட்டேன். வாதாடலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், ஜூன் 14-லிருந்தே எண்ணுங்கள் என்றார் லாயர்.

ஒருவர் பழைய மாநிலத்திலேயே இருந்தால் என்ற அந்த வரியில் இன்னொரு பொறி இருந்தது. கணவரின் கம்பெனி அவரை வட கரோலினாவில் ஒரு புராஜெக்டுக்கு மாற்றக் கேட்டிருந்தது. காலி வீட்டில் இருக்க முடியாமல் அவரும் சரி என்று சொல்லும் மனநிலையில் இருந்தார், லீஸை முறிக்கக்கூடப் பேசியிருந்தார். அவர் டெக்சாஸை விட்டுக் கிளம்பியிருந்தால் நிலைமை தலைகீழாக மாறியிருக்கும். மேலாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 27 அன்று டெக்சாஸில் வழக்குப் பதிவானது. டெக்சாஸில் சட்டப்படி பிரிந்து வாழ்தல் என்று ஒரு நிலை கிடையாது, விவாகரத்து மனுவாகவே போட்டார்கள், கஸ்டடி அதற்குள் வந்தது. இது மனைவியைப் பயமுறுத்தும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. பயமுறுத்தவும் செய்தது. மனுவோடு, ஐந்து வருடமாகப் பிள்ளைகள் எந்தெந்த முகவரியில், யாரோடு இருந்தார்கள் என்ற பிரமாணப் பத்திரமும் போனது. டல்லாஸைச் சுற்றியுள்ள பல கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) விவாகரத்து வழக்குப் போட்டாலே தானாக ஒட்டிக்கொள்ளும் ஒரு நிலையான உத்தரவு உண்டு. பிள்ளைகளை மறைக்காதே, பள்ளி மாற்றாதே, பணத்தை முடக்காதே என்று இருவரையும் கட்டுப்படுத்தும். அதைப் படித்த பிறகுதான் கணவர் கார்டை நிறுத்தியதை என்னிடம் சொன்னார். அன்றே திறந்துவிடச் சொன்னார் லாயர்.

இரண்டு நீதிமன்றங்கள்

செப்டம்பர் 4 அன்று அக்கா வீட்டில் மனைவியிடம் சம்மன் கொடுக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து அவர் நியூ ஜெர்சி சுப்பீரியர் கோர்ட்டின் குடும்பப் பிரிவில் அவசர மனு போட்டார். போன் உடைத்தது, விசா மிரட்டல், கார்டு நிறுத்தியது, மருந்துக் கடை ரசீது எல்லாம் அதில் இருந்தன. அந்த மனுவின் நகலைப் படித்த இரவு நான் கணவரை அழைத்து, இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாண்ணா" என்றார்.

பிள்ளைக்கோ, பிள்ளையின் உடன்பிறப்புக்கோ, பெற்றவருக்கோ அடி உதை, கொடுமை அல்லது அதற்கான மிரட்டல் இருந்தால், சொந்த மாநிலம் இல்லாத கோர்ட்டும் தற்காலிகமாகப் பாதுகாப்பு உத்தரவு போடலாம். சட்டத்திலேயே இருக்கும் வழி அது, மிகவும் தேவையான வழியும்கூட. உயிருக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணைப் பழைய ஊருக்கே போய் நியாயம் கேள் என்று சொல்ல முடியாது. மனைவியின் லாயர் அந்த வழியைத்தான் பிடித்தார்.

அடுத்து நடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு மாநில நீதிபதிகளும் செப்டம்பர் 23 அன்று ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். இந்தச் சட்டம் அதைச் சொல்கிறது: இரண்டு இடத்தில் வழக்கு இருந்தால் கோர்ட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், முடிவெடுக்கும் முன் இரு தரப்பும் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். லாயர்கள் வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சம்பவம் நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது, பிள்ளைகள் மேல் கை வைத்ததாகப் புகார் இல்லை, மனைவி ஏற்கெனவே அக்கா வீட்டில் பாதுகாப்பாக இருந்தார். அதனால் இந்த நிமிடத்து ஆபத்து என்று நியூ ஜெர்சி நீதிபதி கருதவில்லை. சொந்த மாநிலம் டெக்சாஸ்தான் என்று தன் வழக்கை நிறுத்திவைத்தார். டெக்சாஸ் உத்தரவு வரும்வரை பிள்ளைகளை இடம் மாற்றக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

மனைவியின் டெக்சாஸ் லாயர் விடவில்லை. உரிமை இருந்தாலும் இந்தக் கோர்ட்டு வசதியான இடம் இல்லை, நியூ ஜெர்சிக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. எடைபோட வேண்டியவற்றில் முதலாவதாக எழுதியிருப்பது குடும்ப வன்முறைதான். பிறகு பிள்ளை எவ்வளவு நாள் வெளியே இருக்கிறது, தூரம், இருவரின் பண வசதி, சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று போகும். டெக்சாஸ் நீதிபதி அதை முழுவதும் கேட்டார். பிள்ளைகளின் டாக்டர், ஆசிரியர்கள், பக்கத்து வீட்டார் எல்லோரும் டெக்சாஸில் இருப்பதால் வழக்கை வைத்துக்கொண்டார். ஆனால் மனைவி டெக்சாஸுக்கு வரத் தேவையில்லை, வீடியோவிலேயே சாட்சி சொல்லலாம் என்று அனுமதித்தார்.

அக்டோபரின் இடைக்கால உத்தரவு

விசாரணை அன்று கணவர் தரப்பு வென்றுவிட்டது என்ற நினைப்போடுதான் நாங்கள் உள்ளே போனோம். எந்தக் கோர்ட்டு என்பதில் வென்றிருந்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் யாரோடு என்பது வேறு கேள்வி.

போன் சம்பவத்தைக் கணவர் மறுக்கவில்லை. மழுப்ப வேண்டாம் என்று லாயர் முன்பே சொல்லியிருந்தார். விசா மிரட்டலையும் ஒப்புக்கொண்டார். நீதிபதி அந்த இடத்தில் நிறுத்தி, பெற்றவர்களின் விசா நிலை இந்தக் கோர்ட்டில் கஸ்டடியைத் தீர்மானிக்காது என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். திரையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அவருக்கு வேண்டியிருந்த ஒரு வரி அது. அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனைவி இரண்டு வாரம் என்று சொல்லிக் கிளம்பியதையும் நீதிபதி கேட்டார். அது பொய்தான், உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைப் போகவிட்டிருக்க மாட்டார் என்றார் அவர். இரண்டு பேருமே அன்று உண்மையைப் பேசியது பின்னால் சமரசத்துக்கு உதவியது என்பது என் எண்ணம்.

உத்தரவு இப்படி வந்தது. பருவம் நடுவில் இருப்பதால் பிள்ளைகள் டிசம்பர் வரை நியூ ஜெர்சிப் பள்ளியிலேயே படிக்கலாம். தினமும் இரவு ஏழு மணிக்கு அப்பாவோடு வீடியோ கால். நன்றி தெரிவிக்கும் விடுமுறை டெக்சாஸில். ஜனவரி பள்ளி தொடங்கும் முன் பிள்ளைகள் டெக்சாஸ் திரும்ப வேண்டும், தாய் கூட வந்தால் அவரோடு, வராவிட்டால் தந்தையோடு. கணவர் மாதாமாதம் செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டும், பன்னிரண்டு வாரம் கோபக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகள் இரண்டும் மனைவியின் லாயரிடம். அதற்குள் சமரசப் பேச்சுக்குப் போகச் சொன்னார்.

பெண்ணை நீதிபதி நேரில் கேட்கவில்லை. டெக்சாஸில் பன்னிரண்டு வயதானால், ஒரு தரப்பு கேட்டாலே நீதிபதி பிள்ளையைத் தன் அறையில் சந்தித்துப் பேச வேண்டும். அதற்குக் குறைந்தால் அது நீதிபதியின் விருப்பம். ஒன்பது வயதுப் பெண்ணின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று இரண்டு லாயர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

டிசம்பர்: ஒரு நாள் முழுக்கச் சமரசப் பேச்சு

அதற்குள் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண் மனைவியோடு தனியாகப் பேசத் தொடங்கியிருந்தார். நான் கணவர் பக்கம் நின்றுவிட்டதால் நான் பேசுவது சரியில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டபோது வந்த பதில் எங்களுக்கு ஆச்சரியம். நியூ ஜெர்சி அவருக்கு முக்கியமே இல்லை. தனி வீடு வேண்டும், மாமியார் வராத வீடு. கணவர் பேரைச் சொல்லாமல் இந்த நாட்டில் நிற்க ஒரு வழி வேண்டும். இவ்வளவுதான்.

பேச்சு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரவு எட்டைத் தாண்டியது. இருவரும் தனித்தனி அறையில், நடுவர் நடந்துகொண்டே இருந்தார். மதியம் உடைந்துபோகும் என்று தோன்றியது. அப்போது கணவரின் லாயர் ஒரு தாளில் இரண்டு கணக்கு எழுதிக் காட்டினார். பிள்ளைகள் நூறு மைலுக்கு அப்பால் வாழ்ந்தால் டெக்சாஸின் வழக்கமான அட்டவணைப்படி அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாதம் ஒரு வார இறுதி, வருடாவருடம் ஸ்பிரிங் பிரேக், கோடையில் 42 நாள். பக்கத்தில் வாழ்ந்தால் முதல், மூன்றாம், ஐந்தாம் வார இறுதிகள், பள்ளி நாட்களில் வியாழன், விடுமுறைகளில் பாதி. மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்று கணவருக்கு அந்தத் தாளில்தான் புரிந்தது.

முடிவில் கையெழுத்தானது: டெக்சாஸ் சொல்வழக்கில் இருவரும் கூட்டுப் பொறுப்பாளர்கள். பிள்ளைகள் எந்த வீட்டில் வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு, ஆனால் இந்தக் கவுண்டிக்கும் அதை ஒட்டிய கவுண்டிகளுக்கும் உள்ளேதான். தந்தை தன் வீட்டிலிருந்து நான்கு மைலில் ஓர் அபார்ட்மெண்டுக்கு ஒரு வருடம் வாடகை கட்டுவார். பிள்ளைச் செலவு வழிகாட்டிக் கணக்குப்படி, இரண்டு பிள்ளைக்கு நிகர வருமானத்தில் 25 சதவீதம், சட்டம் வைத்த உச்சவரம்புக்குள். மனைவி கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற மனு போடுவார், அது முடியும்வரை இறுதி விவாகரத்துத் தீர்ப்பில் கையெழுத்துக் கேட்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். படிப்புச் செலவில் பாதி கணவருடையது. இந்தியாவுக்குப் பிள்ளைகளோடு போக 60 நாள் முன்னறிவிப்பு, திரும்பும் டிக்கெட்டின் நகல், மற்றவரின் எழுத்துச் சம்மதம்.

கடைசி வரிக்காக இரண்டு மணி நேரம் போனது, அது நியாயம்தான். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பிள்ளைகள் நியூ ஜெர்சிக்குப் பதிலாகச் சென்னைக்குப் போயிருந்தால் இரண்டு நீதிபதிகள் முக்கால் மணி நேரம் பேசி முடிக்கும் வழியே இருந்திருக்காது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். வெளிநாட்டுக் கோர்ட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்றுதான், பிள்ளையின் நலனே முதன்மை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. 2020-ல் ஒரு வழக்கில் குழந்தை அமெரிக்கா திரும்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிறகு நடந்தது

ஜனவரி முதல் வாரம் மூவரும் திரும்பினார்கள். பெண் பழைய பள்ளியில் அதே வகுப்புத் தோழிகளோடு சேர்ந்தாள், ஆனால் சில வாரம் பள்ளிப் பையிலிருந்து பல் தேய்க்கும் பிரஷை எடுக்கவே இல்லை. எங்கே தூங்கினாலும் இருக்கட்டும் என்றாளாம். பள்ளி ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை பேசினாள். இரவு ஏழு மணி வீடியோ கால் தொடர வேண்டும் என்று பையன் அடம்பிடித்தான், அப்பா நான்கு மைலில் இருந்தும். உத்தரவில் இல்லாவிட்டாலும் இருவரும் அதை நிறுத்தவில்லை.

செலவு: கணவர் தரப்பில் ஏறக்குறைய 23,000 டாலர், மனைவிக்கு இரண்டு மாநில லாயருக்கும் சேர்த்து 17,000. அதில் பெரும்பங்கு அக்கா கொடுத்த கடன்.

எஃப்-1 ஒப்புதல் வந்த பிறகு, அடுத்த மே மாதம் இறுதித் தீர்ப்பு வந்தது. சேர்ந்து வாழ்வார்கள் என்று இரு வீட்டாரும் கடைசிவரை எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

முதல் நாளே லாயரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு அனுப்புவேன். பெரியவர்கள் பேசட்டும், ஆனால் பேச்சு நடக்கும்போதே நாள் ஓடுகிறது. வழக்குப் போடுவதற்குள் ஜூன் 14-லிருந்து பத்து வாரம் ஓடியிருந்தது, ஆறு மாதத்தில் அது கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. இன்னும் நான்கு மாதம் இப்படியே ஓடியிருந்தால் நியூ ஜெர்சியே சொந்த மாநிலம் ஆகியிருக்கும்.

வந்தவரிடம், வீட்டில் அடி, உடைத்தல், மிரட்டல் ஏதாவது நடந்ததா என்று முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்பேன். கேட்காமல் விட்டது மரியாதை என்று நினைத்தேன். அது கோழைத்தனம். தெரிந்திருந்தால் அவரை வகுப்புக்கு ஜூலையிலேயே அனுப்பியிருக்கலாம், மனைவியிடம் பேச ஒரு பெண்ணை உடனே அனுப்பியிருக்கலாம்.

பணத்தை நிறுத்தாதீர்கள் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதிக் கொடுப்பேன். பள்ளி, டாக்டர் பதிவுகளை வாங்கி வைக்கச் சொல்வேன். கோர்ட்டு தடை இல்லாதவரை எந்தப் பெற்றவரும் பிள்ளையின் பள்ளிக் கோப்பைக் கேட்டு வாங்கலாம்.

கிளம்ப நினைக்கும் தாய் முதலில் எங்களிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் குழுவில் பேசினோம். ஆபத்து இருந்தால் கிளம்புங்கள், அன்றே கிளம்புங்கள், ஆனால் போன இடத்தில் முதல் வாரமே பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள், நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து, சம்மன் வந்த பிறகு சொன்னால் அதே உண்மைக்கு எடை குறைகிறது. இவருக்கு அப்படித்தான் ஆனது. உடனடி ஆபத்து இல்லை, வாழ முடியவில்லை என்றால், இருக்கும் ஊரிலேயே மனு போட்டு, மாறிப் போக அனுமதி கேட்கலாம். எச்-4-ல் இருந்து கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள் தாங்களே வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்று தனிப் படிவம் இருக்கிறது. நான் பேசிய பெண்களில் அது தெரிந்தவர் மிகச் சிலர்.

இப்போதைய நிலை

டெக்சாஸ் தீர்ப்பில் ஒரு வரி எல்லோருக்கும் உண்டு: வீடு மாறுவதானால் 60 நாள் முன்னால் மற்றவருக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போன மாதம் மனைவி அப்படியொரு நோட்டீஸ் அனுப்பினார். அதே பள்ளி எல்லைக்குள், இரண்டு தெரு தள்ளி, வாடகை குறைவான ஓர் அபார்ட்மெண்ட். கணவர் அதை எனக்கு அனுப்பி, இதற்குப் பதில் எழுத வேண்டுமா அண்ணா என்று கேட்டார். தேவையில்லை, கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். அவர், கிடைத்தது, பையனின் கட்டிலைப் பிரிக்க எந்த சனிக்கிழமை வரட்டும் என்று எழுதினார்.